கேள்வி கேட்காத டிசைனர்

உக்காருங்க அம்மணி. ஐயோ, அந்த சோபாவுல வேண்டாமுங்க, அது ஆளை உள்ள இழுத்துக்கும், பொறவு எந்திரிக்க இன்னொரு ஆளு கை குடுக்கோணும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. காப்பி கலந்து வெச்சிருக்கேன், இந்தாங்க. போன தடவை வந்தப்ப உங்களை ஒரு வாய் தண்ணி கூடக் குடுக்காம அனுப்பிட்டேன். நீங்க மறந்திருக்க மாட்டீங்க. நானும் மறக்கலைங்க.

மெதுவாப் பேசுவோம். என்ற வூட்டுக்காரரு உள்ள படுத்திருக்காரு. சாப்பிட்டுட்டு கண்ணசந்திருக்காரு. முன்னெல்லாம் பகல்ல படுக்கவே மாட்டாருங்க, இப்பத்தான். நீங்க வர்றது அவருக்குத் தெரியாது.

டேப்பை எடுக்காதீங்க, அளவு அப்புறம் பாத்துக்கலாம். நீங்கதானே போன்ல சொன்னீங்க, "என்ன நடந்துச்சுன்னு தெரியாம நான் வேலையைத் தொட மாட்டேன்"னு. ஞாயந்தான். ஒரு தடவை வெரட்டி விட்டவ மறுபடியும் கூப்பிட்டா யாருக்கும் யோசனை வருமில்லீங்க? அதான் சொல்லிப்போடலாம்னு இருக்கேன். ஆனா ஒண்ணு, இது இந்த நாலு செவுத்துக்குள்ளயே இருக்கோணும். நீங்க நாலு வூட்டுக்குப் போறவங்க. கோயமுத்தூர்ல இருக்கற எங்க ஒரம்பரை சொந்தபந்தம் பாதிப் பேரு வூட்டுல உங்க கைவேலைதான் இருக்குது. அதனாலதான் அன்னைக்கே எனக்கு பயமா இருந்துச்சு.

போன தை மாசம் எங்க தாரணிக்கு ஒரு எடம் வந்துச்சுங்க. எங்களுக்கு ஒரே பொண்ணு. பொள்ளாச்சிப் பக்கம், நல்ல குடும்பம், ஒரே பையன். பூபதின்னு பேரு. ஓசூர்ல கம்பெனியில நல்ல வேலை. சாதகம் அருமையாப் பொருந்தியிருக்குதுன்னு சோசியரு சொல்லிட்டாரு. மாசிக் கடைசியில வூட்டுக்கு வர்றோம்னு சொல்லியனுப்பிச்சாங்க. பொண்ணு பாக்க வர்றவங்க பொண்ணை மட்டுமா பாக்கறாங்க? வாசப்படியிலிருந்து பாத்ரூம் வரைக்கும் பாப்பாங்க. கை கழுவற மாதிரிப் போயி சமையக்கட்டையும் ஒரு நோட்டம் விட்டுட்டு வருவாங்க. எங்க வூடு அப்ப எப்படி இருந்துச்சுன்னு நீங்கதான் பாத்தீங்களே. கட்டி இருவது வருசம். அப்ப வாங்குன மர சோபா, அப்ப வாங்குன ஷோகேஸ், தையல் மெஷினு, எல்லாம் செவுத்தோரமா ரயிலு பெட்டி மாதிரி நிக்கும். நடுவுல ஒரு சாமானும் கிடையாது. கீழ ஒரு மிதியடி கூட கிடையாது.

அதுக்குக் காரணம் இருந்துச்சுங்க. இப்ப உங்களுக்குத் தெரியும். அன்னைக்கு நீங்களாவே கண்டுபுடிச்சீங்க.

அவருக்குப் பார்வை இல்லைங்க. முழுசா இல்லைன்னு சொல்ல முடியாது. நேரா ஒரு ஓட்டை வழியாப் பாக்கற மாதிரி கொஞ்சூண்டு தெரியும். பக்கவாட்டுல ஒண்ணும் தெரியாது. வெளிச்சம் கம்மியானா அதுவும் போச்சு. கண்ணு நரம்பு தேஞ்சுட்டே போகுது, மருந்து கிடையாதுன்னு பெரிய ஆசுபத்திரியில சொல்லிட்டாங்க. இன்னொண்ணும் சொன்னாங்க. இது வம்சத்துல வர்ற சீக்குன்னு. அவங்க தாய்மாமனுக்கும் இருந்துச்சாமா.

நீங்களே சொல்லுங்க அம்மணி. பொண்ணைக் கட்டிக் குடுக்க வேண்டிய வூட்டுல இதை வெளிய சொல்ல முடியுமா? யாராவது பொண்ணெடுப்பாங்களா? சொல்லலைங்க. என்ற கூடப் பொறந்த அண்ணங்கிட்டக்கூட சொல்லலை. அவரு நடத்திட்டிருந்த கடைய மூடறப்ப முழங்கால் வலின்னு சொன்னோம். வண்டி ஓட்டறத நிறுத்துனப்ப சுகர்னு சொன்னோம். தாரணிக்கு கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க. டெஸ்ட் எல்லாம் எடுக்கலை. எதுக்கு எடுக்கோணும்? நல்லாத்தானே இருக்கா.

ஆனா வூட்டுக்குள்ள அவரு ராசா மாதிரி இருந்தாருங்க. கட்டில்ல இருந்து எந்திரிச்சா வலது கைப்பக்கம் பீரோ, அப்புறம் தையல் மெஷின், அப்புறம் கதவு நிலவு, சோபா கை, ஷோகேஸ், சாமி ரூம். கையத் தொட்டும் தொடாம ஓட்டிட்டே போவாரு. வர்றவங்க பாத்தா சாவகாசமா நடந்து வர்ற மாதிரி இருக்கும். காலையில பேப்பரை விரிச்சு வெச்சுட்டு உக்காருவாரு. நான் சமையக்கட்டுல நின்னுட்டு, "இதென்னங்க அநியாயம், மறுபடியும் கேஸ் வெலைய ஏத்திட்டான்"னு சத்தம் போட்டுப் படிப்பேன். அவரு அதைக் கேட்டுக்கிட்டு, பக்கத்து வூட்டுக்காரரு வந்தா, "பாத்தீங்களா, கேஸ் வெலைய ஏத்திப்போட்டானுங்க"ம்பாரு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாதும்பாங்க. நாங்க பத்து வருசமா மறைச்சோமுங்க. எங்களுக்கு அதுல ஒரு பெருமை கூட.

அந்த மாதிரி சமயத்துலதான் நீங்க வந்தீங்க. என்ற நாத்தனாரு வூட்டுல நீங்க போட்ட அலமாரியப் பாத்துட்டு நானேதான் போன் பண்ணிக் கூப்புட்டேன். நீங்க வந்து செவுத்தையும் பாக்கலை, சீலிங்கையும் பாக்கலை. உக்காந்துட்டு கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்டீங்க. காலையில மொதல்ல யாரு எந்திரிப்பாங்க? யாரு எந்தப் பக்கம் படுப்பீங்க? சார் எங்க உக்காந்து சாப்பிடுவாரு? ஏன் கீழ மிதியடி இல்லை? எனக்கு எரிச்சலா இருந்துச்சுங்க. வூட்டுக்கு பெயிண்ட் அடிக்க வந்தவங்க எதுக்கு புருசன் பொண்டாட்டி படுக்கறதைக் கேக்கோணும்?

அப்பப் பாத்து அவரு தண்ணி குடிக்க வந்தாரு. எப்பவும் போல வந்தாரு. நீங்க அவரைப் பாக்கலை. அவரு கை போற எடத்தைப் பாத்தீங்க. ஷோகேஸ் மேல பாலிஷ் தேஞ்சு ஒரு கோடு, செவுத்துல கை அழுக்கு ஒரு கோடு, எல்லாம் ஒரே ஒசரத்துல ஓடுது. இருவது வருசமா அந்த ஹால்ல இருக்கறேன், எனக்கு அது அழுக்குன்னுதான் தெரியும். நீங்க அவரு உள்ள போற வரைக்கும் பொறுத்துட்டு, மெதுவாத்தான் கேட்டீங்க, "சாருக்குப் பார்வை கம்மியாங்க?"ன்னு.

நான் என்ன பேசுனேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "மரவேலை பாக்க வந்தீங்களா, மனுசனுக்குக் குத்தம் கண்டுபுடிக்க வந்தீங்களா"ன்னு கேட்டேன். இன்னும் என்னென்னமோ சொன்னேன். நீங்க பையை எடுத்துட்டு எந்திரிச்சீங்க. வாசல்ல செருப்பு மாட்டிட்டே ஒண்ணு சொன்னீங்க. "யாரைக் கூப்புட்டாலும் பரவால்லைங்க, இந்த வரிசையை மட்டும் கலைக்க விட்டுறாதீங்க"ன்னு. கதவைச் சாத்திட்டேன்.

நீங்களும் கொஞ்சம் பதனமாக் கேட்டிருக்கலாமுங்க. வந்த அன்னைக்கேவா கேக்கறது? ரெண்டு நாளு பழகிட்டுக் கேட்டிருந்தா நான் வேற மாதிரி சொல்லியிருப்பேனோ என்னமோ. சரி விடுங்க, உங்க மேல தப்பு சொல்ல வரலை.

அப்புறந்தான் இன்னொரு டிசைனரு, கிஷோர் தம்பி வந்தாப்டி. நல்ல தம்பிங்க, அவனையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். வந்தான், ஒரு லேசர் வெளக்கைச் செவுத்துல அடிச்சான், அளவு எடுத்தான். ஒரு கேள்வி கேக்கலை. என்ற வூட்டுக்காரரு எதுக்க நின்னாரு, "வணக்கம் அங்கிள்"னான், அதோட சரி. மறு வாரமே டேப்லெட்ல படம் போட்டுக் கொண்டாந்துட்டான். படத்துல எங்க ஹாலு சினிமாவுல வர்ற மாதிரி இருந்துச்சு. தரையும் வெள்ளை, செவுரும் வெள்ளை, சோபாவும் வெள்ளை. நடுவுல கண்ணாடி மேசை. சாப்பிடற எடத்துக்கும் ஹாலுக்கும் நடுவுல கண்ணாடித் தடுப்பு. டிவி இருக்கற பக்கம் மரத்துல ஒரு மேடை, ஒரு படி ஒசரம். வாசல்ல பெரிய பித்தளை உருளி, தண்ணியில பூ மெதக்குது. படத்துக்குள்ள ஒரு குடும்பம் கூட உக்காந்திருந்துச்சு, யாரோ வெளிநாட்டுக்காரங்க. எனக்கு அப்படியே மனசு நெறஞ்சுபோச்சு. கேள்வி கேக்காத டிசைனர்தான் நல்ல டிசைனர்னு தாரணிகிட்டச் சொன்னேன்.

அவ கேட்டாளுங்க. "அம்மா, அப்பாவுக்கு இது சரிப்படுமா?"ன்னு. "உன்ற கல்யாணத்துக்குத்தாண்டி இதெல்லாம். ஒரு நாளைக்கு வந்து பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் அப்பாவுக்குப் பழகிரும்"னேன்.

அவரைக் கேட்டனான்னு கேக்கறீங்களா? கேக்காம என்னங்க? படத்தைக் காட்டி கேட்டேன். "நல்லா இருக்குதா பாருங்க"ன்னேன். டேப்லெட்டைக் கையில வாங்கி மொகத்துக்கு நேரா வெச்சாரு. "நீ சொன்னா நல்லாத்தான் இருக்கும்"னாரு. சரின்னுதானே அர்த்தம்?

வேலை நடந்தப்ப நாங்க மாடி ரூம்ல இருந்தோம். கீழ ஒரே தூசி, மெஷின் சத்தம். அவரால படி எறங்க முடியலை, ஒரு மாசம் மேலயே கெடந்தாரு. தெனமும் கேப்பாரு, "சோபா இப்ப எந்தப் பக்கம் வருது? ஷோகேஸ் இருந்த எடத்துல என்ன வருது?"ன்னு. எனக்கு ஆயிரம் சோலி. "எல்லாம் கீழ வந்து பாத்துக்கலாமுங்க"ன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறந்தான் என்ன சொன்னேன்னே ஒறைச்சுது.

வேலை முடிஞ்ச மறுநாளே மாப்பிள்ளை வூட்டுக்காரங்க வர்றாங்க. அவரைக் கையப் புடிச்சு கீழ கூட்டிட்டு வந்தேன். ஹாலுக்குள்ள வந்ததும் நின்னுட்டாரு. எல்லாம் வெள்ளை பாருங்க, அவருக்கு செவுரு எது, வாசல் எது, தரை எதுன்னு ஒண்ணும் பிரியலை. முன்னாடி தேக்கு நிலவு கருப்பாத் தெரியும், அதை வெச்சு வாசலைக் கண்டுபுடிப்பாரு. அதையும் கிஷோர் வெள்ளை அடிச்சுட்டான். கையை நீட்டுனாரு. தொட ஒண்ணும் இல்லை. "வசந்தா, நான் எங்க இருக்கேன்?"னாரு. சொந்த வூட்டுல நின்னுட்டு.

நான் அப்பவாவது யோசிச்சிருக்கோணும். பிள்ளையார் புடிக்கக் கொரங்கா முடிஞ்ச கதைன்னு அங்கயே தெரிஞ்சுபோச்சு. ஆனா விடிஞ்சா ஒரம்பரை வர்றாங்க, நான் என்ன பண்ணுவேன்? ஒரு ஒத்தை சோபாவைக் காட்டி, "இதுல உக்காந்துக்கங்க. வந்தவங்க கெளம்பற வரைக்கும் எந்திரிக்கவே வேண்டாம். முழங்கால் வலின்னு நான் சொல்லிக்கறேன்"னேன். சரின்னாரு.

நீங்க தஞ்சாவூர்ப் பக்கம்னு சொன்னீங்க. எங்க ஊருப் பழக்கம் உங்களுக்கு எவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியலை. இங்க வூட்டுக்கு ஒரு ஒரம்பரை வந்தா, வூட்டுல இருக்கற ஒவ்வொருத்தரும் எதுக்க போயி "வாங்க"ன்னு கேக்கோணும். பெரியவங்க சின்னவங்க எல்லாரும். ஒருத்தரு கேக்கலைன்னாலும் அவ்வளவுதான், "போன எடத்துல வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை"ன்னு பேரன் காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. அப்படியிருக்கறப்ப பொண்ணைப் பெத்தவரு, சம்பந்தி வாசல்ல வர்றப்ப சோபாவுல உக்காந்தே இருக்கறதா? நான் உக்காருங்கன்னு சொன்னேன், அவரும் சரின்னாரு. ரெண்டு பேருக்குமே அது நடக்காதுன்னு தெரிஞ்சிருக்கோணும்.

காரு வந்து நின்னுச்சு. கேட்டு தெறக்கற சத்தம் கேட்டுச்சு. சம்பந்தி கொரலு கேட்டுச்சு. நான் சமையக்கட்டுல இருந்து ஓடியாறதுக்குள்ள அவரு எந்திரிச்சுட்டாரு. ரெண்டு கையையும் கும்புட்டுட்டு, சிரிச்ச மொகமா, பழைய வூட்டுல எப்படி நடப்பாரோ அதே மாதிரி வேகமா நடந்தாரு. மேடைப்படி தடுக்குச்சு. கண்ணாடித் தடுப்புல தோள் இடிச்சுது. அதைப் புடிச்சு சமாளிச்சுட்டு நேரா வாசலுக்குப் போனாரு, ஒரு காலு உருளிக்குள்ள போயிருச்சு. தண்ணியும் பூவும் தரையெல்லாம் ஊத்தி, முட்டி போட்ட மாதிரி விழுந்தாரு. விழுந்தவரு கையைக் கீழ ஊனலைங்க. கும்புட்டபடியே "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க"ன்னாரு. அவங்க நின்னது இந்தப் பக்கம். அவரு கும்புட்டது அந்தக் கர்ட்டனைப் பாத்து.

மாப்பிள்ளைப் பையன் தூக்க வந்தான், நல்ல பையன். அப்ப அவங்க கூட வந்திருந்த ஒரு சித்தப்பா மெதுவாச் சொன்னாரு, "காலங்காத்தாலேயேவா?"ன்னு.

எனக்கு மொதல்ல அவரு என்ன சொல்றாருன்னு புரியலைங்க. சம்பந்தியம்மா மொகத்தைப் பாத்தேன். அவங்க மூக்கைச் சுருக்கிக்கிட்டு ஒரு மாதிரிப் பாத்தாங்க. அப்பத்தான் புரிஞ்சுது. குடிச்சிருக்காருன்னு நெனைக்கறாங்க.

அந்த மனுசன் கல்யாண வூட்டுப் பந்தியில சோடா குடிக்கறதுக்கே யோசிப்பாருங்க. அவங்கப்பாரு குடிச்சே அழிஞ்சவரு. அதனால இவரு அந்தப் பக்கமே போனதில்லை. அவரு கூட்டாளிங்க எல்லாம் கேலி பண்ணுவாங்க. அப்படிப்பட்டவரு.

நான் என்ன சொல்லோணும்? இல்லீங்க, இவரு குடிக்க மாட்டாரு, கண்ணு தெரியாதுன்னு சொல்லோணுமா? வம்சத்து சீக்குன்னு சொல்லோணுமா? உள்ள எம்பட பொண்ணு பட்டுச்சீலை கட்டிட்டு, தலை நெறையப் பூ வெச்சுட்டு, காப்பித் தட்டோட நிக்கறா. ஆயிரம் பொய்யைச் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்க. நான் ஒண்ணுதாங்க சொன்னேன். "எப்பவாச்சும்தானுங்க. நேத்து கூட்டாளி வூட்டு விசேசத்துக்குப் போயிட்டு வந்தாரு, இன்னும் தெளியலை"ன்னேன்.

வாயில இருந்து வந்துருச்சு. வந்ததுக்கப்புறம் உள்ள இழுக்க முடியுமா?

அவரு அந்தத் தண்ணியில முட்டி போட்டு உக்காந்திருந்தாரு. வேட்டியெல்லாம் பூவு ஒட்டியிருந்துச்சு. பொறவு சிரிச்சாருங்க. அவரு சிரிப்பு அப்படி இருக்காது, அவங்கப்பாரு சிரிக்கற மாதிரி ஒரு சிரிப்பு. "மன்னிச்சுக்கோங்க சம்பந்தி, கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு"ன்னாரு. நாக்கைக் கொழறிக்கிட்டு.

சம்பந்தி பெருந்தன்மையான ஆளு. "அட விடுங்க, எங்க அண்ணனும் இப்படித்தான்"னு சொல்லி அவரைத் தூக்கி உக்கார வெச்சாரு. சம்பந்தியம்மா மட்டும் அப்புறம் என்னைய சமையக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயி கேட்டாங்க, "அடிக்கறது கிடிக்கறது உண்டுங்களா?"ன்னு. "ஐயோ இல்லீங்க"ன்னேன். "அப்பப் பரவால்ல. யாரு வூட்டுலதான் இல்லை"ன்னாங்க. போறப்ப வூட்டைச் சுத்திப் பாத்துட்டு, "ஹாலு நொம்ப அருமையாப் பண்ணியிருக்கீங்க, யாருங்க டிசைனரு?"ன்னு கேட்டாங்க. நான் கிஷோர் நெம்பர் குடுத்தேன்.

வைகாசியில கல்யாணம் ஆச்சு. தாரணி நல்லா இருக்கா. மாப்பிள்ளை தங்கம். இப்ப மாசமா இருக்கா அம்மணி, அஞ்சாம் மாசம். அதனால நான் பண்ணது முழுக்கத் தப்புன்னு யாரும் சொல்ல முடியாது பாருங்க. ஆனா தாரணி எங்கிட்ட முன்ன மாதிரிப் பேசறதில்லை. போன் பண்ணா, "அப்பாகிட்டக் குடு"ங்கறா. அவரும் இவளும் என்ன பேசிக்கறாங்கன்னு தெரியாது. ரெண்டு பேரும் சிரிப்பாங்க. நான் பக்கத்துல போனா "சரி வெக்கறேன்"னு சொல்லிருவா.

அன்னைக்கு அவரு என்னைய ஒரு வார்த்தை திட்டியிருந்தா இந்த வெசனம் இருக்காதுங்க. கைய ஓங்கியிருந்தாக்கூட சரிதான்னு இருந்திருப்பேன். ஒண்ணும் சொல்லலை. "காலு வலிக்குதுங்களா"ன்னு கேட்டேன். "இல்ல"ன்னாரு. ஹால்ல நடக்கறத விட்டுட்டாரு. ரூமு, பாத்ரூமு, ரூமு. சாப்பாட்டைக் கூட உள்ள கொண்டாந்து குடுன்னுட்டாரு. பேப்பரு வருது, பிரிக்காம கட்டி வெச்சிருக்கேன். நான் சமையக்கட்டுல இருந்து படிச்சாலும், "கேட்டுட்டேன் விடு"ங்கறாரு.

இப்ப இந்தத் தீவாளி. தலை தீவாளிக்குப் புள்ளைங்க வந்தாங்க. மாப்பிள்ளை எல்லாத்துக்கும் துணி எடுத்துட்டு வந்தாரு. மத்தியானம் விருந்து முடிஞ்சு எல்லாரும் இந்த ஹால்லதான் உக்காந்திருந்தோம். மாப்பிள்ளை ஒரு பையில இருந்து வெளிநாட்டு பாட்டிலு ஒண்ணு எடுத்தாரு. பிரெண்டுகிட்ட சொல்லி வெச்சு வரவழைச்சாராமா. "மாமா, இது உங்களுக்குன்னே. வெளிய கண்டதையும் குடிச்சு ஒடம்பைக் கெடுத்துக்காதீங்க. இது நல்ல சரக்கு, அளவா எடுத்துக்கோங்க"ன்னாரு. பாசத்துல சொல்றாருங்க. கேலியெல்லாம் இல்லை. மாமனாரு மனசு சங்கடப்படக் கூடாதுன்னு தானே ஒரு டம்ளர்ல ஊத்தி வெச்சாரு.

தாரணி சமையக்கட்டு வாசல்ல நின்னா. அவ அப்பாவைப் பாக்கலை, என்னையத்தான் பாத்துட்டு நின்னா. ஒரு வார்த்தை சொல்லிருவாளோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு.

அவரு கையை நீட்டுனாரு. கண்ணாடி மேசை, கண்ணாடி டம்ளரு, அவருக்கு எங்க தெரியும்? கை அப்படியும் இப்படியும் தடவுச்சு. மாப்பிள்ளை பாக்கறாரு. நான் என்ன பண்ணேன் தெரியுங்களா அம்மணி? மெதுவா நகத்தி அந்த டம்ளரை அவரு கையில படற மாதிரி வெச்சேன். நாந்தான் வெச்சேன்.

ஒரே மூச்சுல குடிச்சுட்டாரு. பொரையேறி கண்ணுல தண்ணி வந்துருச்சு. "என்ன மாமா, தண்ணி ஊத்தாம ராவா அடிக்கறீங்க"ன்னு மாப்பிள்ளை சிரிச்சாரு. இவரு வாயைத் தொடைச்சுட்டு, "பழக்கந்தானுங்களே மாப்ள"ன்னாரு.

இதான் நடந்துச்சு. இப்ப நீங்க சொல்லுங்க, வேலைய எடுத்துக்கறீங்களா? மாசியில வளைகாப்பு. பொள்ளாச்சியிலிருந்து ஊரே வரும். அதுக்குள்ள இந்த ஹாலை நீங்க மாத்திக் குடுக்கோணும். மேடைய எடுத்துருங்க, கண்ணாடிய எடுத்துருங்க, நிலவுக்கு பழையபடி கருப்பா பாலிஷ் போடுங்க. பழைய சோபாவை அண்ணன் வூட்டுக்குக் குடுத்துட்டேன், அதே மாதிரி செஞ்சுக்கலாம். எந்த வரிசையில இருந்துச்சோ அதே வரிசையில. உங்களுக்கு ஞாபகம் இருக்குமில்லீங்க? எனக்கு எது எதுக்கப்புறம்னு கொழப்பமா இருக்குது. பேரனோ பேத்தியோ தவழப்போகுது, கண்ணாடி மேசை ஆகாதுன்னு சொல்லிக்கலாம், யாருக்கும் சந்தேகம் வராது.

அவருகிட்டயே கேக்கலாமுங்கறீங்களா? அவரு நேரா பதில் சொல்ல மாட்டாருங்க. தீவாளி முடிஞ்சு புள்ளைங்க கெளம்புன ஒடனே நான் சொல்லிப் பாத்தேன். கேட்டைச் சாத்திட்டு வந்து, "ஏனுங்க, அந்தத் தஞ்சாவூரு அம்மணியத் திரும்பக் கூப்புடலாமுங்க. வூட்டைப் பழையபடி ஆக்கிக்கலாம்"னேன். அவரு அந்த ஒத்தை சோபாவுலயே உக்காந்திருந்தாரு.

"ஆக்கிக்கலாம். பொள்ளாச்சியில சம்பந்தி வூடு இருக்குதே, அதுக்கு என்ன பண்ணுவே? அங்கயும் கூட்டிட்டுப் போயி மேசைய நகத்துவியா?"ன்னாரு. கோவமா இல்லைங்க, சும்மா கேக்கற மாதிரித்தான்.

அப்புறம் அவரே பேசுனாரு.

"வசந்தா, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு அவங்க முன்னாடி அப்படிச் சொன்னியே. சொல்றதுக்கு முன்னாடி என்னையப் பாத்தியா?"

"எதுக்குங்க கேக்கறீங்க?"ன்னேன்.

"இல்ல, நீ என்னைய ஒரு பார்வை பாத்திருந்தா நானே தலையாட்டியிருப்பேன். சொல்லிக்கோன்னு. பொண்ணுக்காகத்தானே. நீ பாத்தியா பாக்கலையான்னு எனக்குத் தெரியாது பாரு. அதான் கேக்கறேன்."

"பாத்தேனுங்க"ன்னேன்.

"பாத்தியா?"ன்னாரு. அவரு மொகம் அப்படியே தெளிஞ்சு போச்சு. "அப்ப சரி"ன்னு சொல்லிட்டு, செவுத்தைத் தடவிக்கிட்டே எந்திரிச்சு ரூமுக்குப் போயிட்டாரு.

நான் பாக்கலைங்க அம்மணி. நான் சம்பந்தியம்மா மொகத்தைத்தான் பாத்துட்டு இருந்தேன்.